34 என்பது எத்தனை?

மச்சானின் ரத்த ரிப்போர்ட்டில் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் எல்லாம் நார்மல். கடைசி வரியில் மட்டும் 'சீரம் எத்தனால் – 34 மி.கி./டெ.லி.' என்று போட்டு, பக்கத்தில் கறுப்பாக ஒரு 'எச்' அடித்திருந்தார்கள். எத்தனால் என்றால் குடிக்கிற ஆல்கஹால், மி.கி./டெ.லி. என்றால் 100 மில்லிக்கு இத்தனை மில்லிகிராம், 'எச்' என்றால் 'ஹை', அதிகம். மச்சான் கீரனூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது நடந்த விபத்து. புதுக்கோட்டை ரோட்டில் எதிரே வந்த லோடு வேன், இண்டிகேட்டர் கூடப் போடாமல் பெட்ரோல் பங்குக்குள் திரும்பியதில் இவர் பைக்கோடு அதன் வயிற்றில் போய் மோதினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, பிளேட் வைத்து, இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் கைப்பிடியைத் தேடுகிறார். எஃப்.ஐ.ஆர். வேன் டிரைவர் மீதுதான். ஆனால் இழப்பீடு கேட்டு எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து நஷ்டஈட்டு மனு போட்டபோது, வேனின் இன்சூரன்ஸ் தரப்பு தாக்கல் செய்த எதிருரை முழுக்க அந்தக் கடைசி வரியின் மேல்தான் நின்றது. வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டப்படி உச்ச அளவு 30, இவருக்கு 34, ஆகவே விபத்துக்குப் பாதிப் பொறுப்பு இவருடையது.

வீட்டில் யாருக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. 34 என்பது 30-ஐ விடப் பெரிசு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பெரியம்மா மகன் நியூ ஜெர்சியிலிருந்து போனில் வந்து, "இங்க லிமிட் 0.08 தான், உங்க ரிப்போர்ட் 34னு இருக்கே, ஆள் எப்படி உயிரோட இருக்கார்?" என்று பயமுறுத்தினான். அரைமணி நேரம் கழித்து அவனே திரும்பக் கூப்பிட்டு, அது சதவீதக் கணக்கு, 34 மில்லிகிராம் என்றால் 0.034 தான், அமெரிக்காவாக இருந்தால் கேஸே கிடையாது என்றான். உண்மைதான். 100 மில்லி ரத்தத்துக்கு இங்கிலாந்தில் 80 மில்லிகிராம் வரை விடுகிறார்கள், ஸ்காட்லாந்து 2014-இல் அதை 50 ஆக்கியது, சுவீடனில் வெறும் 20. ஒரே ரத்தம் ஒரு நாட்டில் நிரபராதி, இன்னொரு நாட்டில் குற்றவாளி. ஆனால் மச்சான் விழுந்தது புதுக்கோட்டை ரோட்டில்.

எனக்கு உறுத்தியது வேறு. அந்த ரத்தத்தை யாரும் கோர்ட்டுக்காக எடுக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரி கேஷுவால்ட்டி டாக்டர், ஹெல்மெட்டோடு தலையும் தரையில் அடித்திருக்கிறது என்பதாலும் ஆள் பேச்சு கொஞ்சம் குழறியதாலும், தனக்காக எடுத்தது. வாயில் வாடை அடிக்கிறது, கேட்டதற்குச் சரியாகப் பதில் வரவில்லை என்றால் 'போதை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று ஓரத்தில் படுக்கப் போட்டுவிடுவதுதான் கேஷுவால்ட்டியில் நடக்கக்கூடிய மிகப் பெரிய ஆபத்து. மண்டைக்குள் ரத்தம் கசிகிறவனும் அப்படித்தான் குழறுவான், சர்க்கரை இறங்கினவனும் அப்படித்தான் குழறுவான். ரத்தத்தில் எத்தனால் 200, 250 என்று வந்தால் குழறலுக்கு ஒரு காரணம் கிடைத்தது எனலாம், அப்போதும் தலையை மறந்துவிட முடியாது. 34 என்று வந்தால் கதையே மாறுகிறது. இவ்வளவு குறைந்த அளவுக்கு இந்தக் குழறல் பொருந்தாது, உடனே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடு என்று அர்த்தம். எடுத்தார்கள். தலை சுத்தமாக இருந்தது, வலியிலும் பயத்திலும் உளறியிருக்கிறார். ஆக அந்த டாக்டருக்கு 34 என்பது 'குறைவு'. அதே தாள் வக்கீல் மேஜைக்கு வந்தவுடன் 'அதிகம்' ஆகிவிட்டது.

எதிர்வீட்டு அத்தையின் கணக்கு

எதிர்வீட்டு அத்தை அரசு ஆஸ்பத்திரி பயோகெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், அக்காவும் கூட வந்தாள். அத்தை எண்ணைப் பார்க்கவே இல்லை. "எந்தக் கையில எடுத்தாங்க? டிரிப்ஸ் ஏறிட்டிருந்த கையிலயா?" என்றார். இல்லை, டிரிப்ஸ் இடது கை, ரத்தம் வலது கை. "ஸ்பிரிட் பஞ்சு வச்சுத் துடைச்சாங்களா?" அதை யார் கவனித்தது! ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஆல்கஹால் சாம்பிள் எடுக்கக்கூடாது என்பது லேபில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி. சோப்புத் தண்ணீரோ ஆல்கஹால் இல்லாத மருந்தோ போதும். துடைத்த இடம் காய்ந்தபிறகு குத்தினால் எண்ணில் பெரிய மாற்றம் வந்துவிடாதாம். ஆனாலும் வக்கீலுக்கு அது ஒரு திறந்த கதவு. அடுத்து, எந்த மூடிக் குழாய்? சர்க்கரைக்கு எடுக்கிற சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃப்ளூரைடு இருக்கும், ரத்தத்துக்குள் கிருமிகள் புளிக்கவைக்கும் வேலையை அது நிறுத்திவைக்கும். தடய அறிவியல் லேபுக்கு நாள்கணக்கில் பயணம் போகிற ரத்தத்துக்கு அது உயிர்நாடி. ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிட்ட சாம்பிளுக்கு அவ்வளவு கவலை வேண்டாம், மூடியைத் திறந்து வைக்காமல் இருந்தால் போதும், இல்லையென்றால் ஆவியாகிப் போய்விடும்.

அப்புறம்தான் அத்தை எண்ணுக்கு வந்தார். அதிலும் எண்ணுக்கு முன்னால் இருந்த 'சீரம்' என்ற சொல்லில் விரலை வைத்தார். "சட்டம் ரத்தத்துக்கு, தம்பி. இது ரத்தம் இல்ல." ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றி, செல்களை அடியில் ஒதுக்கிவிட்டு, மேலே தெளியும் நீரில் செய்கிற டெஸ்ட் இது. ஆல்கஹால் தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போகும். சிவப்பணு நிறைந்த முழு ரத்தத்தைவிடச் சீரத்தில் தண்ணீர் அதிகம், அதனால் சீரத்தில் ஆல்கஹாலும் அதிகமாகக் காட்டும். சராசரியாக 12 முதல் 18 சதவீதம் வரை கூடுதல். 34-ஐ 1.18-ஆல் வகுத்தால் 28.8. 1.12-ஆல் வகுத்தால் 30.4. நடுவில் 1.15 என்று வைத்தால் 29.6. கோட்டின் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். அதுவுமில்லாமல் ஆஸ்பத்திரி மெஷின் ஆல்கஹாலை நேராகப் பார்ப்பதில்லை. ஒரு என்சைமை விட்டு ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்து, அதில் உண்டாகும் இன்னொரு பொருள் எவ்வளவு ஒளியைக் குடிக்கிறது என்று அளக்கிறது. உடம்பு பலமாக அடிபட்டு ரத்தத்தில் லாக்டேட் என்கிற பொருள் ஏகமாக ஏறிக்கிடந்தால், ஆல்கஹாலே இல்லாமல்கூடக் கொஞ்சம் காட்டிவிட வாய்ப்புண்டு. தடய அறிவியல் லேபில் செய்யும் கேஸ் குரோமட்டோகிராபி அப்படி ஏமாறாது. எத்தனாலையும் மெத்தனாலையும் தனித்தனியாகப் பிரித்தே காட்டிவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிரை வாங்கிய மெத்தனாலை இந்த என்சைம் டெஸ்டை மட்டும் நம்பியிருந்தால் பிடித்திருக்க முடியாது என்று அத்தை இடையில் ஒரு வார்த்தை சொன்னார்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "அப்ப 30க்குக் கீழதானே அத்தை?" என்று எழுந்தே நின்றுவிட்டாள். ஃபைலை மூடவும் போனாள். அத்தை ஃபைலை விடவில்லை. "இரு. எத்தனை மணிக்கு ஆக்சிடெண்ட்?"

நாலரை. ரிப்போர்ட்டின் தலையில் சாம்பிள் எடுத்த நேரம் சின்ன எழுத்தில் இருந்தது: இரவு ஏழரை. முதலில் கொண்டுபோன இடத்தில் எலும்பு டாக்டர் இல்லை என்று சொல்லி, ஆம்புலன்ஸ் மாற்றி, திருச்சிக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. அத்தை காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். கல்லீரல் ஆல்கஹாலைக் கரைக்கிற வேகம் ஏறக்குறைய ஒரே சீரானது. டோல்கேட்டில் ஒரே ஒரு கவுண்டர் திறந்திருந்தால் பின்னால் எத்தனை வண்டி நின்றாலும் ஒவ்வொன்றாகத்தானே விடுவான், அப்படி. மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் இரண்டாவது கவுண்டர் திறக்காது. பெரும்பாலான ஆட்களுக்கு மணிக்கு 10 முதல் 20 மில்லிகிராம் குறையும், சராசரி 15. தினமும் குடிக்கிறவருக்கு இன்னும் வேகமாக இறங்கும். மூன்று மணி நேரத்துக்கு 45. ஏழரை மணிக்கு 29 என்றால் நாலரை மணிக்கு 74. மெதுவான கல்லீரல் என்று வைத்தாலும் 59. பைக் மோதிய நேரத்தில் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கவில்லை, இரண்டு மடங்கை ஒட்டியோ தாண்டியோதான் இருந்திருக்கிறார்.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான், மச்சான் ஒரு கட்டிங் மட்டும்தான் போட்டாராம், அதுவும் மத்தியானம் ஒரு மணிக்குக் கிடா விருந்துக்கு முன்னால் என்றேன். அத்தை பேனாவை மறுபடி எடுத்தார். டாஸ்மாக் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கட்டிங் 90 மில்லி என்றால் அதில் சுத்த ஆல்கஹால் எடைக்கு 30 கிராம் சொச்சம். சுவீடன்காரர் எரிக் விட்மார்க் 1930-களில் வகுத்துக் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. குடித்த கிராமை, உடல் எடையோடு ஆணுக்கு 0.68-ஐயும் பெண்ணுக்கு 0.55-ஐயும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண் உடம்பில் தண்ணீர்ப் பங்கு குறைவு என்பதால் அந்த வித்தியாசம். 70 கிலோ மச்சானுக்கு ஒரு கட்டிங் அதிகபட்சம் 64 மில்லிகிராம் ஏற்றும், வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் குறைவு. ஒரு மணியிலிருந்து ஏழரை வரை ஆறரை மணி நேரம். மிக மெதுவான வேகத்தில் கரைந்தாலே 65 போயிருக்கும். ரிப்போர்ட்டில் பூஜ்யம் வந்திருக்க வேண்டும், 34 வந்திருக்கிறது. பின்னோக்கிப் போட்டால், 29-உம் ஆறரை மணி நேரத்துக்கான 97-உம் சேர்ந்து 126. ஒரு முழு குவார்ட்டர் ஏற்றுகிற அளவு அது. "கட்டிங் கிடையாது. இல்லேன்னா ஒரு மணி கிடையாது" என்று அத்தை பேனாவை மூடினார். கடைசி வாய் நாலு மணிக்கு என்றால் இந்தக் கணக்கு முழுக்கக் குலைந்துபோகும், அப்போது விபத்து நேரத்தில் அளவு ஏறிக்கொண்டே இருந்திருக்கும், பின்னோக்கிக் கூட்டுவதே தப்பு என்றும் சொன்னார். ஆகக் கணக்கின் அஸ்திவாரமே குடித்தவரின் வாக்குமூலம்தான்.

அக்கா அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டிருந்தாள். 'சீரம், ரத்தம், 29' என்பதை வக்கீலுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி நான் மச்சானிடம் தனியாகக் கேட்டேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாப்ளே, கட்டிங்னு சொன்னது ஒங்க அக்காவுக்காக" என்றார். குவார்ட்டர்தான், பங்காளி ஒருவர் ஊற்றினது, ஒரு மணிக்குத்தான். எனக்கு மச்சானைவிட அந்தக் காலண்டர் தாளின் மேல்தான் மரியாதை வந்தது.

சட்டம் என்ன கேட்கிறது

வக்கீலுக்குச் சீரம் விஷயம் கல்கண்டாக இருந்தது. அவர் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்றால் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் ரத்தப் பரிசோதனை என்றால் எது என்பதை 204-ஆவது பிரிவு சொல்லிவிடுகிறது: அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் செய்தது. கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202 சொல்கிறது. சட்டம் எழுதினவர்களுக்கு நேரத்தின் அருமை தெரிந்திருக்கிறது. மச்சானை யாரும் ஊதவும் சொல்லவில்லை, குடித்துவிட்டு ஓட்டியதாக டி.டி. கேஸும் போடவில்லை. போலீஸ் வருவதற்குள் அவர் ஆம்புலன்சில் இருந்தார்.

ஆனால் நம்முடையது கிரிமினல் கேஸ் இல்லையே, நஷ்டஈட்டுக் கேஸ். இங்கே 30 என்ற கோடே அவ்வளவு பெரிசில்லை என்று நான் படித்துப் பார்த்ததில் புரிந்தது. 1971-இல் பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடை அடித்தது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது என்பதை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்றது. ரத்தப் பரிசோதனை இல்லாத குறையை அந்த வழக்கு பெரிதாக்கிக் காட்டியது. ஐம்பது வருஷம் கழித்து 2021-இல், 2007 டிசம்பரில் டெல்லியில் விபத்துக்குள்ளாகி எரிந்துபோன ஒரு போர்ஷே கார் சம்பந்தமான பேர்ல் பெவரேஜஸ் வழக்கில், ரத்தப் பரிசோதனையும் ஊதும் கருவியும் இல்லாவிட்டால்கூட, ஓட்டியவர் போதையின் பிடியில் இருந்தார் என்பதைச் சூழ்நிலைகளை வைத்தே இன்சூரன்ஸ் கம்பெனி நிரூபிக்கலாம், 30 மில்லிகிராம் என்பது 185-ஆவது பிரிவின் கிரிமினல் குற்றத்துக்கான அளவு என்று சொல்லிவிட்டது. அப்படியானால் 29 என்று சாதித்து நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைப்பதில் பாதி வெறும் திருப்திதான்.

உண்மையான கேள்வி வேன் ஏன் திரும்பியது என்பது. குடிக்காதவன் ஓட்டியிருந்தாலும் அந்த இடத்தில் பிரேக் பிடித்து நிறுத்தியிருக்க முடியுமா? சாட்சி சொன்ன பெட்ரோல் பங்க் பையன் முடியாது என்றான். ஆனால் 74 என்பது சும்மா இல்லை. அந்த அளவில் எதிரே வருவதைக் கண்டு கை கால் வேலை செய்ய எடுக்கும் நேரம் நீளும் என்பது மருத்துவத்தில் ஒப்புக்கொண்ட விஷயம். அரை நொடி முன்னால் பிரேக்கில் கால் வைத்திருந்தால் இரண்டு எலும்புக்குப் பதில் ஒரு எலும்போடு போயிருக்கலாம். எனக்குத் தெரியும், இது எனக்குப் பிடிக்காத கணக்கு. அதற்காக அது இல்லாமல் போய்விடாது.

நேரத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டு வியாதி மட்டுமில்லை. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே மோதி இரண்டு சாஃப்ட்வேர் எஞ்சினியர்கள் செத்துப்போனார்களே, அதில் ஆஸ்பத்திரியில் ரத்தத்தையே மாற்றிவிட்டார்கள் என்ற போலீஸின் குற்றச்சாட்டுதான் நாடு முழுக்கப் பேச்சு. பேச வேண்டியதுதான். ஆனால் விபத்து அதிகாலை இரண்டரைக்கு, ரத்தம் எடுத்தது முற்பகல் பதினோரு மணி வாக்கில் என்பதை எத்தனை பேர் கணக்கில் எடுத்தார்கள்? எட்டரை மணி நேரத்தில் சராசரிக் கல்லீரலே 120-க்கு மேல் கரைத்துவிடும். மாற்றாமல் அப்படியே அனுப்பியிருந்தாலும் அந்தக் குழாயில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

விசாரணை நாளன்று நானும் அக்காவும் போயிருந்தோம். ஆஸ்பத்திரி டாக்டரைச் சாட்சிக்கு அழைத்தது இன்சூரன்ஸ் தரப்பு. அவர்கள் வக்கீல் ரிப்போர்ட்டை நீட்டி, "எத்தனால் 34 என்பது சரியா?" என்றார். சரி. "அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகம், சரியா?" டாக்டர் கொஞ்சம் யோசித்து, ரிப்போர்ட்டில் அப்படித்தான் குறித்திருக்கிறது என்றார். அந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் எழுந்தார். இது சீரத்தில் செய்ததுதானே? ஆமாம். முழு ரத்தத்தில் செய்தால் குறைவாக வரும் என்பது உண்மைதானே? ஆமாம், வரலாம். உங்கள் லேப் 204-ஆவது பிரிவின்படி அங்கீகாரம் பெற்றதா? தெரியாது. கோர்ட்டுக்காக எடுத்த ரத்தமா? இல்லை, சிகிச்சைக்காக. அவரும் உட்கார்ந்துவிட்டார். எதிர்த்தரப்பு மறுபடி எழவில்லை. ரிப்போர்ட்டின் தலையிலேயே ஏழரை என்று அச்சிட்டிருக்கிறது, ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலில், விபத்து நேரம் நாலரை என்று எழுதியிருக்கிறது, இரண்டு தாளும் ஒரே கட்டுக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவர்களுக்குச் சாதகமான ஒரே கேள்வி அதுதான், அதை அவர்களே கேட்கவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓ.பி.க்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்த நிம்மதிதான் இத்தனை நாளாக அரிக்கிறது. டாக்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவர் ஒன்றும் ஒளிக்கவில்லை. நான் சாட்சியும் இல்லை, என்னிடம் யாரும் கேட்கப்போவதுமில்லை. வேன் டிரைவர் மேல்தான் தப்பு என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் நூற்றுக்கு நூறு அவன் மேல்தான் என்று யாராவது என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னால் தயங்குவேன்.

திரும்பி வரும்போது மன்னார்புரம் வரைக்கும் அக்கா ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த வக்கீல் ஏன்டா நேரத்தக் கேக்கல? ரிப்போர்ட்ல மேலயே போட்டிருக்கே" என்றாள். 29-க்கு மேல் அவள் எதையும் காதில் வாங்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். குவார்ட்டர் விஷயமும் தெரியுமா என்று கேட்டேன். "ஆறரை மணி நேரக் கணக்க என் முன்னாடிதானேடா அத்தை போட்டாங்க" என்றாள். பஸ் டி.வி.எஸ். டோல்கேட் திரும்பியது. அடுத்த வாய்தாவுக்கு ஊனச் சான்றிதழின் ஒரிஜினலைக் கேட்டிருக்கிறார்கள், அது பீரோவில் இருக்கிறதா வக்கீலிடமே இருக்கிறதா என்று மச்சானுக்குப் போன் போடச் சொன்னாள்.